நெறியும் ஒரு காவல்

பண்டை நாளில் நகரைக் காத்தவை மதிலும் அகழியும் ஆம். மதிலின்மீது வில்லேந்திய வீரர் நின்றனர். அகழியில் ஆழ்ந்த நீர் நின்றது. ஆயினும், அவை மட்டுமே ஒரு நகரைக் காத்துவிடவில்லை. வாயிற்கதவின் திறவுகோல் யாரிடம் இருத்தல் வேண்டும், எந்த நாழிகையில் கதவு அடைக்கப்படல் வேண்டும், உள்ளே வருவோரை யார் வினவுதல் வேண்டும், காவலர் விழித்திருந்தனரா என்பதை யார் சென்று காணல் வேண்டும் என்பன போன்ற முறைகளும் வேண்டியிருந்தன. அம்முறைகளை வகுக்கவும், அவை வழுவாமல் நடைபெறுகின்றனவா என்று ஆராயவும் வில்லாற்றல் வேண்டுவதில்லை. ஓலையும் எழுத்தாணியும் தெளிந்த அறிவும் போதும். வில்லின் வலிமையும் ஏட்டின் ஒழுங்கும் ஒன்றுசேர்ந்த இடத்திலேயே மக்கள் அச்சமின்றி உறங்கினர்.

இக்காலத்தில் மக்களின் செல்வம் மதிலுக்குள் இல்லை, கணினிக்குள் உளது. வங்கியில் இட்ட பொருள், நிலத்தின் உரிமைப் பத்திரம், மருத்துவர் எழுதிய நோய்க்குறிப்பு, மாணவர் பெற்ற மதிப்பெண் ஆகிய யாவும் எண்களாய் மாறிக் கணினிகளில் உறைகின்றன. அவற்றைக் கவர வருவோர் கன்னக்கோல் ஏந்தி நள்ளிரவில் வருவாரல்லர். பல்லாயிரம் கல் தொலைவில் அமர்ந்தவாறே இணையத்தின் வழியே நுழைவர். அவர்களிடமிருந்து கணினிகளையும் அவற்றிலுள்ள செய்திகளையும் காக்கும் பணியே சைபர் பாதுகாப்பு எனப்படும்.

இப்பணியில் ஈடுபடுவோர் இரு திறத்தினர். ஒரு திறத்தினர் கணினியின் உள்ளமைப்பை நன்கறிந்தவர், நிரல் எழுதுவர், பகைவர் நுழைந்த வழியைக் கண்டு அடைப்பர். மற்றொரு திறத்தினர் நிரல் எழுதுவாரல்லர். ஒரு நிறுவனத்தில் எவை காக்கப்பட வேண்டியவை, அவற்றிற்கு நேரக்கூடிய இடர் யாது, அவ்விடரைக் குறைக்கும் விதிகள் எவை, அவ்விதிகளை ஊழியர் பின்பற்றுகின்றனரா, நாட்டின் சட்டம் என்ன கூறுகின்றது என்பவற்றை ஆராய்வதே அவர்தம் பணியாகும். இதனை ஆளுகை, இடர், இணக்கம் என மூன்றாகப் பகுத்துக் கூறுவர். அலுவலகங்களில் இதற்கு ‘ஜி.ஆர்.சி.’ என்பது வழக்கு. இத்துறையில் இன்று பணிபுரிவோருள் பலர் தொடக்கத்தில் வேறு தொழில் புரிந்தவர் என்பது கருதத்தக்கது. கணக்கர், தணிக்கையர், வழக்கறிஞர், ஆசிரியர், செவிலியர் எனப் பலதிறப்பட்டோரும் இத்துறையில் நுழைந்துள்ளனர். அஃது எவ்வாறு இயன்றது என்பதை உண்மை நிகழ்ச்சிகள் சில விளக்கும்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் லாரன்ஸ் பெர்க்கிலி ஆய்வுக்கூடம் என்னும் அறிவியல் நிலையம் உள்ளது. 1986ஆம் ஆண்டில் அங்கே கிளிபோர்டு ஸ்டால் என்னும் வானியல் அறிஞர் பணிபுரிந்தார். அவருடைய வானியல் ஆராய்ச்சிக்கு உரிய பொருள் தீர்ந்துபோகவே, அவர் அந்நிலையத்தின் கணினிப் பகுதிக்கு மாற்றப்பட்டார். விண்மீன்களை நோக்கியிருந்தவர்க்குக் கணினிகளைப் பேணும் வேலை புதிது. பணியேற்ற தொடக்க நாட்களிலேயே அவரிடம் ஒரு சிறு கணக்கு ஒப்படைக்கப்பட்டது. கணினியைப் பயன்படுத்துவோர் அதற்குரிய கட்டணம் செலுத்துதல் அங்கு வழக்கம். அம்மாதக் கணக்கில் 75 சென்ட்டு குறைந்தது. ஒரு டாலருக்கும் குறைவான இத்தொகையைப் பிறர் பொருட்படுத்தியிரார். ஸ்டாலோ, கணக்கு என்பது சரியாக இருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தால் அதன் காரணத்தைத் தேடலானார்.

யாரோ ஒருவர் கட்டணம் செலுத்தாமல் சில நொடிகள் கணினியைப் பயன்படுத்தியிருந்தார் என்பது தெரியவந்தது. அவர் யார் என்று ஆராய்ந்தபோது, அவர் அந்நிலையத்தைச் சேர்ந்தவரே அல்லர் என்பது புலனாயிற்று. ஸ்டால் தாம் கண்டவற்றையெல்லாம் நாள்தோறும் நேரம் தவறாமல் குறிப்பேட்டில் எழுதிவந்தார். இரவில் அலுவலகத்திலேயே உறங்கினார். அயலானை நெடுநேரம் இணைப்பில் நிறுத்தி அவன் இருக்கும் இடத்தைக் கண்டறிவதற்காகப் பொய்யான அரசாங்கக் கோப்புகளை உருவாக்கி வைத்தார். மாதங்கள் பல சென்றபின், அவ்வயலான் மேற்கு செருமனியின் ஹானோவர் நகரில் இருந்தவன் என்பதும், அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளில் புகுந்து திரட்டிய செய்திகளைச் சோவியத்து ஒற்றர்க்கு விற்றவன் என்பதும் வெளிப்பட்டன. 1990ஆம் ஆண்டில் அவனும் அவன் கூட்டாளிகளும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். ஸ்டால் கணினி அறிவு இல்லாதவர் அல்லர். எனினும், ஒற்றனைக் காட்டிக்கொடுத்தது எந்திரம் அன்று. 75 சென்ட்டு குறைந்த கணக்கேடே ஆகும்.

மற்றொரு நிகழ்ச்சி 2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடந்தது. வங்காள தேசத்தின் நடுவண் வங்கி, நியூயார்க்கு நகரிலுள்ள கூட்டாட்சி ரிசர்வு வங்கியில் பெரும்பொருள் வைத்திருந்தது. திருடர்கள் வங்காள தேச வங்கியின் கணினிகளுக்குள் புகுந்து, அவ்வங்கியே அனுப்புவதுபோல் பணமாற்று ஆணைகள் 35 அனுப்பினர். அவ்வாணைகளின் மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். வியாழக்கிழமை இரவில் அவர்கள் இதனைச் செய்தனர். வெள்ளியும் சனியும் வங்காள தேசத்தில் விடுமுறை. சனியும் ஞாயிறும் அமெரிக்காவில் விடுமுறை. திங்களன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் சீனப் புத்தாண்டு விடுமுறை. இடைவிடாது வந்த விடுமுறைகளே கள்வர்க்குத் துணையாயின. பிலிப்பைன்ஸ் நாட்டிற்குச் சென்ற 8 கோடியே 10 இலட்சம் டாலரில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்துபோயிற்று.

ஆனால், இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர் மீண்டது. அது மீண்ட வகை வியப்பிற்குரியது. பணம் பெற வேண்டிய அமைப்பின் பெயரில் ‘அறக்கட்டளை’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தது. இடையே இருந்து பணத்தைக் கடத்தும் வங்கி அவ்வெழுத்துப் பிழையைக் கண்டு ஐயுற்று விளக்கம் கேட்டது. அதனால் சூழ்ச்சி வெளிப்பட்டது. எழுத்துப் பிழையைக் காணும் கண்ணும், கண்டபின் வாளா இராமல் வினவும் துணிவும் 2 கோடி டாலரைக் காத்தன. எழுத்தைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் மொழியாசிரியர்க்கு மட்டும் உரியது என எண்ணுதல் தவறு என்பதை இதனால் அறியலாம்.

நெறி தவறினால் விளையும் கேட்டிற்கு 2017ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று சான்றாகும். அமெரிக்காவில் மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ் என்னும் நிறுவனம் உள்ளது. அந்நிறுவனம் பயன்படுத்திய மென்பொருள் ஒன்றில் குறை இருப்பதாக அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அறிவிப்பு வந்தது; குறையை நீக்கும் திருத்தமும் உடன் வெளியாயிற்று. நிறுவனத்தினர் அவ்வறிவிப்பைத் தம் ஊழியர்க்கு மின்னஞ்சலில் அனுப்பினர். ஆனால், யார் யார்க்கு அனுப்புதல் வேண்டும் என்னும் பெயர்ப்பட்டியல் பழையது. எனவே, திருத்தத்தைச் செய்ய வேண்டியவர்க்குச் செய்தி சென்று சேரவில்லை. மேலும், உள்ளே வருவனவற்றையும் வெளியே செல்வனவற்றையும் ஆராயும் கருவிக்குரிய சான்றிதழ் காலம் கடந்து கிடந்தது. அதனைப் பல மாதங்களாக ஒருவரும் புதுப்பிக்கவில்லை. கண்ணிருந்தும் காவலன் காணாத நிலை ஏற்பட்டது. ஏறத்தாழ 14 கோடியே 70 இலட்சம் மக்களின் செய்திகள் களவு போயின. 2019ஆம் ஆண்டில் அந்நிறுவனம் குறைந்தது 57 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது.

இங்கே குறைவாயிருந்தது எது? அறிஞர் இல்லாமல் இல்லை. கருவிகள் இல்லாமல் இல்லை. பெயர்ப்பட்டியலைப் புதுப்பிப்பதும், சான்றிதழின் கெடுநாளைக் குறித்து வைப்பதும் அரிய கணித வித்தைகள் அல்ல. ஒழுங்காக ஏடு எழுதும் எளிய எழுத்தரும் அவற்றைச் செய்யலாம். அவ்வெளிய செயல்களை நாள்தோறும் தவறாமல் செய்விப்பதும், செய்யப்பட்டனவா என்று பார்ப்பதுமே நெறியாளரின் பணி.

அப்பணி நடைபெறும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மருத்துவமனை இருப்பதாகக் கொள்க. நெறியாளர் முதலில் அங்குள்ள பொருள்களைக் கணக்கெடுப்பார்: எத்தனை கணினிகள், எந்தக் கணினியில் எவ்வகைச் செய்தி, அதற்குப் பொறுப்பாளர் யார் என எழுதிவைப்பார். பின்னர் இடர்களை நிறுப்பார். ஓர் இடர் நேர்வதற்குரிய வாய்ப்பிற்கு 1 முதல் 5 வரை ஓர் எண்ணும், நேர்ந்தால் விளையும் கேட்டிற்கு 1 முதல் 5 வரை ஓர் எண்ணும் இட்டு, இரண்டையும் பெருக்குதல் பல இடங்களில் வழக்கம். வேலையை விட்டுச் சென்ற ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் இன்னும் செல்லுபடியாகும் எனின், வாய்ப்பு 4, கேடு 5; பெருக்கினால் 20. காத்திருப்போர் கூடத்துத் தொலைக்காட்சி பழுதாகும் எனின், வாய்ப்பு 3, கேடு 1, பெருக்கினால் 3. முன்னதற்கு முதலில் மருந்து தேட வேண்டும் என்பது வெளிப்படை.

இடரை எதிர்கொள்ளும் வழிகள் நான்கு. அதனைக் குறைக்கலாம், அதற்குக் காரணமான செயலையே விட்டுவிடலாம், காப்பீட்டின் வழியே அதன் சுமையைப் பிறரோடு பகிரலாம், அன்றித் தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம். இறுதியாகக் கூறிய வழியில் ஒரு நுட்பம் உண்டு. இடரை ஏற்பவர் அதற்குப் பொறுப்பான தலைவராதல் வேண்டும். ஏற்றதாக அவர் எழுத்தில் கையொப்பமிடுதல் வேண்டும். ‘யான் அறியேன்’ என்று பின்னர் எவரும் கூறாதவாறு செய்வதே ஆளுகையின் உயிர் எனலாம்.

அடுத்தது தணிக்கை. ‘பணியிலிருந்து விலகியவரின் கடவுச்சொல் அன்றே நீக்கப்படும்’ என்பது மருத்துவமனையின் விதி எனக் கொள்க. நெறியாளர் பணியாளர் பதிவேட்டை வாங்கிப் பார்க்கிறார். ஆறு திங்களில் 40 பேர் விலகியுள்ளனர். அவருள் பத்துப் பெயரைத் தெரிந்தெடுத்து, கணினிப் பகுதியின் பதிவோடு ஒப்பிடுகிறார். எட்டுப் பேர்க்கு அன்றே நீக்கப்பட்டுள்ளது; ஒருவர்க்கு மூன்றாம் நாள் நீக்கப்பட்டுள்ளது; ஒருவர்க்கு இன்னும் நீக்கப்படவில்லை. ஏன் என்று வினவுகிறார். ஒப்பந்த ஊழியர் விலகும்போது கணினிப் பகுதிக்குச் செய்தி அனுப்பும் வழக்கமே இல்லை என்பது தெரியவருகிறது. குற்றம் ஒரு மனிதரிடம் இல்லை, முறையில் உள்ளது. முறையைத் திருத்துமாறு அறிக்கை எழுதுகிறார். இச்செயல் முழுவதிலும் அவர் ஒரு வரி நிரலும் எழுதவில்லை. இரண்டு ஏடுகளை ஒப்புநோக்கினார். ‘ஏன்’ என்று கேட்டார். விடையைத் தெளிவாக எழுதினார்.

பழைய தொழிலில் பெற்ற பட்டறிவு இங்கே பெரிதும் உதவும். இரவுப் பணியில் இருந்து பழகிய செவிலியர் ஒருவர் நெறியாளராக வந்தார் எனக் கொள்க. நோயாளி மூச்சுத் திணறும் வேளையில் கணினி திறக்க நெடுநேரம் ஆவதால், செவிலியர் பலரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்து கொள்வர் என்பதை அவர் அறிவார். ‘பகிராதீர்’ என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் பயனில்லை என்பதையும் அவர் அறிவார். விரைவில் திறக்கும் அடையாள அட்டையை வழங்கச் சொல்வார். கணினியை மட்டும் கற்றவர் இதனை அறிதல் அரிது. அவ்வாறே வங்கிக் கணக்கர் ஐயத்திற்குரிய வரவுசெலவை அறிவார். வழக்கறிஞர் ஒப்பந்தத்தின் ஓட்டைகளை அறிவார். ஆசிரியர் விளங்காதவர்க்கும் விளங்குமாறு விதியை எடுத்துரைக்க அறிவார்.

இது வெறும் புகழுரை அன்று. செய்திப் பாதுகாப்பிற்கென உலகெங்கும் பின்பற்றப்படும் தரநெறி ஐ.எஸ்.ஓ. 27001 என்பதாகும். இது 2005ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியாயிற்று. 2022ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றுள் நிறுவன ஒழுங்கு பற்றியவை 37. மக்களைப் பற்றியவை 8. கட்டடம், கதவு முதலிய இடக்காவல் பற்றியவை 14. தொழில்நுட்பம் பற்றியவை 34. தொழில்நுட்பம் நீங்கலாக எஞ்சியவை 59 என்பதைக் காண்க. அமெரிக்கத் தர நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வகுத்த பாதுகாப்புச் சட்டகம் அறிதல், காத்தல், கண்டுபிடித்தல், எதிர்கொள்ளல், மீட்டல் என ஐந்து செயல்களைக் கூறிற்று. 2024ஆம் ஆண்டில் ஆளுதல் என்னும் ஆறாவது செயல் அதனோடு சேர்க்கப்பட்டது.

நாடுகளின் சட்டங்களும் இப்பணியை வேண்டி நிற்கின்றன. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் ‘செர்ட்-இன்’ என்னும் அரசு அமைப்பு 2004ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தனக்குத் தெரிவித்தல் வேண்டும் என அவ்வமைப்பு 2022ஆம் ஆண்டில் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் செய்திகளைத் தக்கவாறு காவாத நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. அதன் விதிகள் 2025ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. சட்டத்தின் சொல்லைப் படித்து, அச்சொல் அலுவலகத்தில் எச்செயலாக மாறவேண்டும் என்று கூறுவோர் இதனால் தேவைப்படுகின்றனர்.

எனினும், இத்தொழிலில் புகுதல் எளிது என்று எவரும் மயங்குதல் கூடாது. நிரல் எழுத வேண்டா என்பது கணினியைப் பற்றி ஒன்றும் அறிய வேண்டா என்று பொருள்படாது. இணையம் எவ்வாறு இயங்குகின்றது, கடவுச்சொல் எவ்வாறு காக்கப்படுகின்றது, காப்புப்படி என்பது யாது, மறையீடு எதற்கு என்பவற்றை நெறியாளர் கற்றேயாக வேண்டும். நீந்தத் தெரியாதவர் படகுத்துறைக்கு விதி எழுதுதல் நகைப்பிற்குரியது அன்றோ! சில நாட்களில் சான்றிதழ், உடனே வேலை எனக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பொருளிழத்தலும் தகாது. தணிக்கையர்க்குரிய ‘சிசா’ என்னும் புகழ்பெற்ற சான்று 1978ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகின்றது. தேர்வில் வெற்றி பெற்றால் மட்டும் அது கிட்டாது. பொதுவாக ஐந்தாண்டுப் பணியறிவும் காட்டுதல் வேண்டும். கல்வியின் பொருட்டும் பிற அனுபவத்தின் பொருட்டும் அதில் ஓரளவு கழிவு தரப்படுவதுண்டு. புதியவர்க்கான தொடக்கநிலைச் சான்றுகளும் உள. ஆயினும், அவை வாயிலைக் காட்டுமேயன்றி உள்ளே நடத்திச் செல்லா.

ஆதலின், தொழில் மாற விழைவார் தாம் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குதல் நன்று. பள்ளியில் எழுத்தராக இருப்பவர், மாணவர் விவரங்களை யார் யார் காணலாம் என்று ஒரு பட்டியல் எழுதலாம். கடையில் கணக்கராக இருப்பவர், காப்புப்படி எடுக்கப்படுகின்றதா, எடுத்த படி திறக்கின்றதா என்று பார்த்துக் குறித்து வைக்கலாம். தலைவரின் ஒப்புதலோடு இவற்றைச் செய்பவர்க்கு, வேலை தேடிச் செல்லும்போது ‘யான் இதனைச் செய்தேன்’ என்று கூறுதற்குச் சான்று இருக்கும். நடுவயதில் வேலையிழந்து, கற்றதெல்லாம் வீணாயிற்றே என்று வருந்துவோர் பலர். தொழில் மறையலாம், அத்தொழில் கற்பித்த ஒழுங்கும் பொறுமையும் மறைவதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஏட்டில் எல்லாம் சரியாக இருப்பதே காவல் ஆகிவிடாது. அமெரிக்காவின் பெருவணிக நிறுவனமாகிய டார்கெட், அட்டைப் பணப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியது என்னும் சான்றை 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளரின் அட்டைச் செய்திகள் அந்நிறுவனத்திலிருந்து களவு போயின. குளிர்சாதன வேலை செய்துவந்த வெளி ஒப்பந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கைப்பற்றியே கள்வர் உட்புகுந்தனர். சான்றிதழ் சுவரில் தொங்கியது. வாயில் திறந்து கிடந்தது. இதனால், ‘விதி நிறைவேறிற்று’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும், உண்மையிலேயே நிறைவேறிற்றா என்று சென்று காண்பதே நெறியாளரின் கடமை என்பது பெறப்படும்.

சென்று கண்டது தலைவர்க்கு உவப்பானதாக இராமலும் போகலாம். செலவு மிகும் என்று அவர் சினக்கலாம்; ‘நன்று என எழுதிவிடுக’ என்று நெருக்கலாம். அப்போது உள்ளதை உள்ளவாறே எழுதுபவரே இப்பணிக்கு உரியவர். அவருடைய ஒரு பொய்க் கையொப்பத்தால் கெடுவது அவர்தம் பெயர் மட்டும் அன்று. முகமறியாத ஏழை ஒருவரின் வாழ்நாள் சேமிப்பும் அதனோடு கெடும்.

மாணவர் இன்று பள்ளியில் பழகும் பழக்கங்கள் சிறியனவாகத் தோன்றலாம். கணக்கில் ஒரு காசு குறைந்தாலும் மீண்டும் கூட்டிப் பார்த்தல், எழுத்துப் பிழையைக் கண்டால் திருத்துதல், குறிப்பேட்டை நாள்தோறும் எழுதுதல், தெரியாததைக் கூசாமல் கேட்டல், பார்க்காததைப் பார்த்ததாகக் கூறாதிருத்தல் ஆகிய இவையே அப்பழக்கங்கள். 75 சென்ட்டில் ஒற்றனைக் கண்டதும், ஓர் எழுத்துப் பிழையில் 2 கோடி டாலரை மீட்டதும் இப்பழக்கங்களே. எத்தொழிலில் தொடங்கினும், எத்தொழிலுக்கு மாறினும், இவை உடன்வரும் செல்வமாகும்.